ரூட்டில் இடம் இல்லை

ஆலை கேன்டீன் மாஸ்டர் அந்த மேடத்தின் மேல் முதல் நாளே கோபித்துக்கொண்டார். டீயை ஆற்றிக்கொண்டே, "சக்கரை போதுமா மேடம்?" என்று கேட்டிருக்கிறார். டம்ளர் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. "குடிச்சுப் பாத்துட்டு சொல்றேன்" என்றார் மேடம். வேறு யாராக இருந்தாலும் போதும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். இவர் வாங்கி, ஊதி, ஒரு வாய் குடித்து, சற்று நின்று, அப்புறம் "போதும்" என்றார்.

"சக்கரை மில்லுக்கே வந்து சக்கரைய சோதிக்கிது பாரு" என்று மாஸ்டர் என்னிடம் முனகினார்.

நான் அந்த ஆலையின் ஆபீசில் ஜெனரேட்டர் ஓட்டுகிற ஆள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கவலைப்படுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை, அதனால் அதில் மட்டும் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை. கரண்ட் இருக்கும்போது எப்போது போகுமோ என்று கவலை. போன பிறகு ஜெனரேட்டர் கிளம்புமோ என்று கவலை. கிளம்பினால் டீசல் தாங்குமோ என்று கவலை. என் மாதிரி ஆளுக்கு எதிரில் இருப்பவர் வாயிலிருந்து வர வேண்டியது ஒரே சொல்தான். "ஆயிடும்." பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, கேட்டால் ஒரு வேளை சோறு இறங்கும். அந்த மேடம் அதை மட்டும் சொல்லவே மாட்டார்.

எண்பதுகளின் கடைசி அது. உத்திரமேரூர் பக்கத்தில் இருந்த எங்கள் கரும்பு ஆலைக்குக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். கரும்புப் பதிவு, வெட்டு உத்தரவு எல்லாம் இனிமேல் அதற்குள்தான் என்று முடிவாகியிருந்தது. பதிவு இருந்தால்தான் வெட்டு உத்தரவு வரும். வெட்டு உத்தரவு இருந்தால்தான் வண்டியைக் கேட்டுக்குள் விடுவார்கள். இல்லையென்றால் கரும்பு கொல்லையிலேயே நின்று காய வேண்டியதுதான். அந்தக் கம்ப்யூட்டருக்குள் யூனிக்ஸ் என்கிற ஒன்றை ஏற்றுவதற்காக மெட்ராஸ் கம்பெனி இந்த மேடத்தை அனுப்பியிருந்தது. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. காஞ்சிபுரத்தில் மாமா வீட்டில் தங்கி, காலை முதல் பஸ்சில் வருவார். கையில் ஒயர் கூடை. அதில் சாப்பாட்டு டப்பாவும், ஒரு பழைய பிஸ்கட் டின்னும் இருக்கும். டின் நிறைய பிளாப்பிகள். அவற்றை ஒவ்வொன்றாக மெஷினுக்கு ஊட்டுவார். அது கர் கர் என்று தின்னும். அடுத்தது கேட்கும். ஊட்டுவார். நடுவில் கரண்ட் போனால் நான் ஜெனரேட்டர் ரூமுக்கு ஓடுவேன்.

"டீசல் இருக்காண்ணே?" என்று வந்த அன்றே கேட்டார்.

"கீது மேடம். காலையிலதான் குச்சி வுட்டுப் பாத்தேன்."

"எங்க, இன்னொரு தடவ விடுங்க. பாக்கறேன்."

ஜெனரேட்டர் ரூம் வரை நடந்து வந்து, நான் குச்சியை விட்டு எடுப்பதைக் குனிந்து பார்த்து, "செரி" என்று போனார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்னை நான் சந்தேகப்படுவது தினமும் நடக்கிறதுதான். இன்னொருத்தர் வந்து சந்தேகப்பட்டால் பொறுக்க முடிவதில்லை.

ஆனால் அவர் சந்தேகப்படவில்லை என்பது போகப் போகத் தெரிந்தது. அவருக்குக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "காஞ்சிபுரம், காஞ்சிபுரம்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். இவர் பஸ்சைச் சுற்றி முன்பக்கம் போய், பலகையைப் படித்துவிட்டு வந்துதான் ஏறுவார். "ஏம்மா, நான் இன்னா திருப்பதிக்கா கூட்டினு போவப்போறேன்?" என்று அந்தக் கண்டக்டர் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். மேடம் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு டிக்கெட் வாங்கினார். மழை வருமா என்று எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்டம்மா பேச்சுக்குக் கேட்டால்கூட எழுந்து வெளியே போய் மேற்கே பார்த்துவிட்டு வருவார். வந்து, "இப்ப இல்ல" என்பார். இப்போது இல்லை என்பது ஒரு பதிலா? துணியை எடுக்கலாமா, கூடாதா?

மெஷின் இரண்டு பெட்டி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்பெட்டியில் சின்ன டிஸ்க். அதை இரண்டு மூன்று அறையாகத் தடுத்து, முதல் அறைக்கு ரூட் என்று பெயர் வைத்திருந்தார். மெஷினின் மூச்சே அதில்தான் இருக்கிறது என்று சொன்னார். பின்பெட்டியில் இருந்தது பெரிய டிஸ்க். விவசாயிகள் கணக்கெல்லாம் அதற்குள் போய் உட்கார வேண்டும். அந்தப் பெட்டிக்கு முதுகில் தனியாக ஒரு சுவிட்ச்.

பாதி வேலையில் ஆயுத பூஜை வந்துவிட்டது. "நான் திரும்பி வர்ற வரைக்கும் இதுல எதுவும் வேணாம்மா" என்று டைப்பிஸ்டம்மாவிடம் சொல்லிவிட்டு மேடம் லீவில் போனார். டைப்பிஸ்டம்மா தலையை ஆட்டினார். அவருக்கு மேலே மேனேஜர் இருக்கிறாரே.

மேனேஜருக்கு விஜயதசமி அன்று கணக்குத் தொடங்கியாக வேண்டும். புது மெஷின், நல்ல நாள், நல்ல நேரம். கரும்புப் பதிவுக்குக் கடைசி நாளும் அதுதான். என் தம்பி இருக்கிற மானாம்பதியில் பதியாமல் விட்டிருந்தவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். வெற்றிலை பாக்கு, வாழைப்பழச் சீப்போடு வந்து வரிசையில் நின்றார்கள். என் தம்பியும் வந்தான். அவனுக்குச் சுறுசுறுப்பு அவ்வளவுதான், கடைசியில் நின்றான். டைப்பிஸ்டம்மா முதலில் பழைய பதிவுகளைப் பிளாப்பியிலிருந்து ஏற்றினார். அப்புறம் வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு நேராக மெஷினிலேயே அடித்தார். ஒருத்தர் மட்டும், "சார், ஒரு துண்டுச் சீட்டுல எதனா எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டாராம்.

"சீட்டு இன்னாத்துக்குய்யா? இனிமே பேப்பரே கெடையாது. எல்லாம் உள்ள போயிடுச்சு" என்றாராம் மேனேஜர்.

உள்ளே போனதுதான். எங்கே போனது என்பதில்தான் வந்தது பேஜார்.

லீவு முடிந்து மேடம் வந்தார். மெஷினைப் போட்டுப் பார்த்தால் ஒரு பதிவும் இல்லை. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பெரிய டிஸ்க் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி கிடந்தது.

"நான் அடிச்சேன் மேடம். உக்காந்து அத்தினி பேரையும் அடிச்சேன்" என்றார் டைப்பிஸ்டம்மா.

"அடிச்சிருந்தா இருக்காதா? எங்கியோ தப்பா அமுக்கிட்டிருக்கும்" என்றார் மேனேஜர்.

"நான் இருவது வருசமா அமுக்கினு இருக்கேன் சார். எனக்குத் தெரியாதா எத்த அமுக்கறதுன்னு?"

மேடம் இரண்டு பேரையும் பார்த்தார். "யாராச்சும் ஒயரை, சுவிட்சை எதையாவது தொட்டீங்களா?" என்று கேட்டார். "சேச்சே. பூஜை போட்டோம், அவ்ளோதான்" என்றார் மேனேஜர். மெஷின் மேல் இன்னும் சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது. மேடம் விட்ட வேலையைத் தொடங்கினார். பிரின்டருக்கான பிளாப்பியை உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் தின்றுவிட்டு மெஷின் நின்றது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. டைப்பிஸ்டம்மா படித்துச் சொன்னார்: "ரூட்டுல இடம் இல்லியாம்."

பிரின்டர் ஏறாவிட்டால் வெட்டு உத்தரவு அச்சாகாது. ஆலைத் தலைவர் வந்து அரவையைத் தொடங்கி வைக்க நாள் குறித்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். எதையாவது அழிப்பார். கொஞ்சம் இடம் கிடைக்கும். பிளாப்பியை விடுவார். பாதியில் மறுபடி அதே வரி. திரும்ப அழிக்க எதுவும் இல்லை. ரூட் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று ஒரு கட்டளை போட்டுக் கேட்பார். முழுக்க நிரம்பிவிட்டது என்று சொல்லும். ரூட்டுக்குள் என்னென்ன சாமான் இருக்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று இன்னொரு கட்டளை போட்டுக் கூட்டுவார். பாதிகூட இல்லை என்று சொல்லும். இரண்டும் ஒரே மெஷின் சொல்கிற பதில்.

"ஒன்னு நெரம்பிடுச்சுங்குது. இன்னொன்னு பாதிதான்ங்குது. ரெண்டுமே பொய் சொல்லாதுண்ணே" என்று என்னிடம் சொன்னார். என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? நான் ஏசி மெஷினில் கரும்புச் சக்கைத் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேறு கவலை. தம்பி நாள் தவறாமல் சைக்கிளில் வந்து கேட்டில் நின்றான்.

"ண்ணா, என் பேரு கீதா இல்லியா?"

"பாத்துக்கினு கீறாங்கடா."

"இன்னாத்த பாக்கறாங்கோ? கீதுன்னா கீது, இல்லன்னா இல்ல. அவ்ளோ பெரிய பொட்டிய வாங்கி வெச்சிக்கினு ஒரு பேர தேட முடியலியா? எங்கூருல எல்லாரும் என்னியத்தான் கேக்கறாங்கோ, உங்கண்ணந்தான் அங்க கீறானேன்னு."

பதிவுக்கு நாள் முடிந்துவிட்டது. பெயர் இல்லையென்றால் இந்தப் பருவத்துக்கு அவன் கரும்பு வேண்டாத கரும்பு. வெல்லம் காய்ச்சுகிறவனிடம் கெஞ்ச வேண்டும். தம்பி மட்டுமில்லை, அன்று வரிசையில் நின்ற அத்தனை மானாம்பதிக்காரர்களும்.

நான் மேடத்திடம் போய், "மேடம், தம்பி பேரு உள்ள எங்கனா கீதா?" என்று கேட்டேன்.

"பாத்துட்டு சொல்றேன்ணே."

"இருக்கும்னு தோணுதா மேடம்?"

"தோணறது எதுக்குண்ணே? பாத்துடலாம்."

"இல்ல மேடம், சும்மா ஒரு வார்த்தைக்கு. அவன்கிட்ட சொல்லணும்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பரிதாபம்கூட இல்லை. நான் கேட்டது தன்னிடம் கைவசம் இல்லாத சாமான் என்பது போலப் பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டார். அந்த நேரம் அந்தப் பிஸ்கட் டின்னைத் தூக்கி ஏரியில் வீசிவிடலாம் போல இருந்தது எனக்கு.

மேனேஜர் பொறுக்க முடியாமல் மெட்ராஸ் கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டார். அங்கிருந்த பெரியவர் மேடத்திடம் பேசினார். மேடம் "சரி சார், சரி சார்" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

"இன்னாம்மா சொல்றாரு?"

"எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து போடச் சொல்றாரு. ரூட்டைப் பெருசா வெச்சுக்கச் சொல்றாரு."

"அப்பாடா. அத்த செய்யம்மா. பழைய பதிவு பிளாப்பில இருக்குது, ஏத்திக்கலாம்."

"புதுசு?"

"எதும்மா புதுசு? அதான் ஒன்னும் பதியலன்னு மெஷினே சொல்லுதே. பதியாதவன் பதியாதவன்தான். நான் இன்னா பண்ண முடியும்?"

சொல்லிவிட்டு மேனேஜர் என் பக்கம் திரும்பவில்லை. என் தம்பி அதில் ஒருத்தன் என்று அவருக்குத் தெரியும். அழிக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அழித்துத் தொலையுங்கள் என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஏதாவது ஒன்று முடிந்தால் போதும் என்கிற நிலைக்கு வந்திருந்தேன். டைப்பிஸ்டம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நான் அடிச்சதே இல்லன்னு ஆயிடும் இல்ல?" என்றார்.

மேடம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அழிக்கலாம் சார். அதுக்கு முன்னால ஒன்னு பாக்கணும்" என்றார்.

"இன்னும் இன்னாம்மா பாக்கணும்?"

"அன்னிக்கு எப்படிப் பூஜை போட்டீங்க?"

"எப்பிடின்னா? எல்லாரும் போடற மாதிரிதான்."

"போட்டுக் காட்டுங்க சார்."

அறையில் யாருக்கும் புரியவில்லை. மேனேஜர் சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியாமல் நின்றார். "சினிமாவா மேடம், திருப்பி நடிக்கறதுக்கு?" என்றார் டைப்பிஸ்டம்மா.

"ஆமாம்மா. முதல்லேர்ந்து. அன்னிக்கு யார் எங்க நின்னாங்களோ அங்கயே நில்லுங்க. தட்டு எங்க இருந்துச்சோ அங்க வைங்க."

மேடம் மெஷினை முறைப்படி அணைத்தார். அட்டெண்டர் போய்ப் பூஜைத் தட்டைக் கொண்டு வந்தார். தேங்காய் இல்லாததற்குக் கேன்டீனிலிருந்து ஒரு வெங்காயம். மேனேஜர் முதலில் விறைப்பாக நின்றார். பிறகு அவருக்கே சுவாரசியம் பிடித்துவிட்டது போலிருக்கிறது. "மாலை இங்க. சந்தனம் இங்க. தட்டு வைக்க எடம் இல்லாம சுத்தி சுத்திப் பாத்தோம், அப்பறம் இதோ, பின்னாடிப் பொட்டி மேல வெச்சோம்" என்று தட்டை வைத்தார். வைத்த கையோடு பெட்டியின் முதுகுப்பக்கம் கையை விட்டார். டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தோம். அவரும் பார்த்தார்.

"கற்பூரம் ஏத்தறமே, சூடு ஏறுமேன்னு..." என்றார்.

"தட்டை எப்ப எடுத்தீங்க?" மேடத்தின் குரல் கொஞ்சமும் மாறவில்லை.

"பூஜை சாமானை மறுநாள் சாயங்காலம்தானேம்மா எடுக்கணும்? எடுக்கும்போது திருப்பிப் போட்டுட்டேன். ஒழுங்காப் போட்டுட்டேனேம்மா."

மறுநாள் என்றால் விஜயதசமி. காலையில் டைப்பிஸ்டம்மா உட்கார்ந்து அடித்தபோது பின்பெட்டி அணைந்தே கிடந்திருக்கிறது. மெஷின் கிளம்பும்போது ஏதோ ஒரு வரியில் அதைச் சொல்லியும் இருக்கும். ஆயிரம் வரி ஓடுகிறது, யார் படிக்கிறார்கள்?

மேடம் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். தரையில் ஒரு சின்னக் குழி. அதன் மேல் பெரிய டிரம்மை இறக்கி வைக்கிறோம். டிரம் இருந்தால் ஊற்றுகிற பாகெல்லாம் டிரம்முக்குள் போகும். டிரம் இல்லாதபோது அதே இடத்தில் ஊற்றினால் குழிக்குள் போகும். அப்புறம் டிரம்மைக் கொண்டு வந்து குழி மேல் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, பாகு எங்கே என்று கேட்கிறோம். டிரம் காலி. குழி நிரம்பிக் கிடக்கிறது. டிரம்முக்கு அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. "டிரம்முன்னா பின்னாடி பெட்டி. குழிதான் ரூட்டு" என்றார்.

அழித்திருந்தால் அப்படியே குழியோடு போயிருக்கும்.

அவர் உட்கார்ந்தார். டிரம்மைத் தூக்கித் தள்ளி வேறு இடத்தில் வைக்கிற மாதிரி ஏதோ கட்டளை போட்டார். பிறகு அந்தப் பழைய இடத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். திரையில் கீழே கீழே என்று பெயர்கள் ஓடின. டைப்பிஸ்டம்மா திரையில் விரலை வைத்து, "இதோ, இதோ, நான் அடிச்சது. பொய் சொன்னேனா சார்?" என்றார். மேனேஜர் வெங்காயத்தை எடுத்து அட்டெண்டரிடம் கொடுத்தார்.

நான் மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். டைப்பிஸ்டம்மா கடைசி வரியைப் படித்தார். தம்பியின் பெயர். அப்பா பெயர். மானாம்பதி. சர்வே நம்பர். அதோடு நின்றுவிட்டது. எத்தனை ஏக்கர் என்பது இல்லை. சரியாக அந்த இடத்தில் ரூட் நிரம்பியிருக்கிறது. அன்றைக்கு மெஷின் கத்தியிருக்கும். கடைசி ஆள்தானே என்று டைப்பிஸ்டம்மா நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்.

"ரெண்டு ஏக்கர் மேடம்" என்றேன். "அடிச்சிடுங்க. கூடப் பொறந்தவன் சொல்றேன்."

அவர் கீபோர்டில் கையை வைக்கவே இல்லை. "போய்ப் பாத்துட்டு போடறேன்ணே" என்றார்.

அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. இத்தனை நாள் தொங்கிக்கொண்டு கிடந்தோம். பெயர் கிடைத்துவிட்டது. ஒரு எண். அதை அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? "மேடம், மத்தவங்க சொன்னதயெல்லாம் அப்பிடியேதானே போட்டாங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"அது அவங்களே வந்து சொன்னதுண்ணே. அதை நான் மாத்தல. இதை நான் போடணும். பாக்காம எப்படிப் போடுவேன்?"

முதலில் குழியைக் காலி செய்தார். எல்லாவற்றையும் டிரம்முக்குள் மாற்றி, ஒன்றுக்கு இரண்டு தடவை ஒப்பிட்டு, அதன் பிறகே ரூட்டிலிருந்து அழித்தார். டிரம்மைப் பழைய இடத்தில் வைத்தார். ரூட் எவ்வளவு என்று கேட்டார். பாதி என்றது. சாமான்களைக் கூட்டினார். பாதி என்றது. இரண்டும் ஒத்துப்போனபோது மேடம் நாற்காலியில் சாய்ந்து கழுத்தை ஒரு தடவை நெட்டி முறித்தார். அந்த அறையில் அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். பிரின்டர் பிளாப்பி கடகடவென்று ஏறியது. பின்பெட்டி அணைந்திருந்தால் பதிவு செய்யவே விடாத மாதிரி ஒரு பூட்டும் போட்டார்.

மறுநாள் ஆலை ஜீப்பில், கொல்லை அளக்கிற பீல்டுமேனை ஏற்றிக்கொண்டு மானாம்பதிக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். தம்பி வரப்பில் ஓடி வந்தான்.

"வாங்கோ மேடம், எளநி வெட்டட்டா?"

"அப்பறம் வெட்டுங்க. கரும்பு எங்க ஆரம்பிக்குது?"

அவன் பரவலாகக் கையை வீசிக் காட்டினான். கிணறு, அதைச் சுற்றித் தென்னை, ஓரத்தில் கொஞ்சம் வேர்க்கடலை எல்லாம் அந்தக் கையில் அடங்கியது. பீல்டுமேன் அளவுச் சங்கிலியை இழுத்தார். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரும்புச் சோகைக்குள் இறங்கி, கரும்பு முடிகிற இடத்தில் போய் நின்றுகொண்டார். கையெல்லாம் சோகை கிழித்தது. அவர் நின்ற இடம் வரைதான் பீல்டுமேன் அளந்தார். ஒன்றே முக்கால் ஏக்கர் வந்தது.

"கெணறும் என்னிதுதானே மேடம்" என்றான் தம்பி.

"கெணத்துல கரும்பு இல்லையே."

"இன்னா மேடம், சென்ட்டுக்கு சென்ட்டு பாக்கறீங்கோ. கவர்மென்ட்டு கூட இப்பிடிப் பாக்க மாட்டான்."

அவர் சிரித்தார். "எளநி வெட்டறேன்னு சொன்னீங்களே" என்றார். வெட்டிக் கொடுத்தான். குடித்துவிட்டு, கேட்காமலே, "நல்லா இருக்கு" என்றார்.

ஒன்றே முக்கால் என்றே பதிவானது. அரவை குறித்த நாளில் தொடங்கியது. பிரின்டர் கிறீச் கிறீச் என்று வெட்டு உத்தரவுகளை அடித்துத் தள்ளியது. மானாம்பதிக்காரர்கள் ஒவ்வொருத்தராக வாங்கிப் போனார்கள். தம்பியும் வாங்கினான். வாங்கிப் படித்துவிட்டு, "உன் மேடத்தால கால் ஏக்கர் போச்சு" என்றான். கரும்பு விளைகிற ஒவ்வொரு பருவமும் அவன் அதை ஒரு தடவையாவது சொல்லுவான். பெயரே இல்லாமல் போயிருக்கும் என்று நான் சொன்னால், "அது வேற, இது வேற" என்பான்.

மேடம் கிளம்புகிற அன்று மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தலைவர் கேக்கறாருப்பா, இந்த மாதிரி திரும்ப ஆவாதில்லன்னு. நான் கேட்டா நல்லா இருக்காது. நீ பஸ் ஏத்தப் போறியே, பேச்சுவாக்குல கேட்டு வா. ஆவாதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும்."

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கரும்பு வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் பஸ் நகராமல் நின்றது. கூடையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு நான் கேட்டேன்.

"மேடம், இனிமே ரூட்டு நெரம்பாதுல்ல?"

அவர் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "நெரம்பும்ணே" என்றார்.

"இன்னா மேடம் இப்பிடி சொல்றீங்கோ?"

"பூஜைல போன மாதிரி போகாது. அதுக்குப் பூட்டு போட்டாச்சு. ஆனா அது தெனம் எதையாச்சும் உள்ள எழுதிக்கிட்டேதான் இருக்கும். வருசத்துக்கு வருசம் ஆளும் சேருவாங்க. ஒருநாள் நெரம்பத்தான் செய்யும்." வண்டிகள் விலகிவிட்டன. பஸ் உறுமியது. "பயப்படாதீங்க" என்று சொல்லுவார் என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தேன். "டீசல் குச்சிய மாத்துங்கண்ணே, கோடு அழிஞ்சிருக்கு" என்றார்.

ஆலைக்குத் திரும்பினேன். மேனேஜர் வராண்டாவிலேயே நின்றிருந்தார்.

"இன்னா சொல்லிச்சு?"

"நெரம்பும்னு சொல்லிச்சு சார்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். உள்ளே பார்த்து டைப்பிஸ்டம்மாவைக் கூப்பிட்டார். "இன்னொரு டிஸ்க்கு வேணும்னு தலைவருக்கு இன்னிக்கே எழுதிப் போடும்மா."

"எவ்ளோ பெருசுன்னு எழுதறது சார்?"

மேனேஜர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பஸ்சு போயிடுச்சா?" என்றார்.